மலையகத்தில் கூரை சோலார்: அரசுத் திட்டத்தில் சேரும் முன் போட வேண்டிய கணக்கும், சேரும் வழியும்

வீட்டுக் கூரையில் சோலார் பூட்டுபவருக்கு அரசு கையில் காசு தருவதில்லை. கூரையிலிருந்து மின்சார சபைக்குப் போகும் ஒவ்வோர் அலகையும் 20 வருடத்துக்கு ஏற்றுக்கொள்வதாக ஓர் ஒப்பந்தம் எழுதித் தருகிறது. சலுகை முழுவதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அம்பாந்தோட்டைக்காரருக்கும் வட்டவளைக்காரருக்கும் ஒப்பந்தம் ஒன்றே. வெயில் ஒன்றல்ல. கொழும்பு விற்பனையாளர் கீழ்நாட்டு வெயிலுக்குப் போட்ட கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டு வருகிறார். அதை நம்பிக் கடன் எடுத்தவர் ஜூலை மாதம் தவணை கட்டத் தவிக்கிறார். ஆகவே விண்ணப்பப் படிவத்தை எடுக்குமுன் பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

முதலில் பில்லைக் குறையுங்கள்

கடைசி 12 மாதக் கரண்ட் பில்களை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் பாவித்த அலகை நாட்களால் வகுத்து 30 ஆல் பெருக்குங்கள். மீற்றர் பார்ப்பவர் சில மாதம் 27 நாளில் வருவார், சில மாதம் 34 நாளில் வருவார் என்பதால் இது தேவை.

வீட்டுப் பாவனைக் கட்டணத்தில் 60 அலகு ஓர் எல்லைக்கோடு. அதற்குள் நிற்பவருக்கு ஒரு விலைப்பட்டியல், தாண்டியவருக்கு வேறொன்று. 61 ஆவது அலகு வந்ததும் அந்த ஓர் அலகின் விலை மட்டும் கூடுவதில்லை. முதல் 30 அலகுக்கு இருந்த மலிவு விலையும் கைநழுவுகிறது, நிலையான கட்டணமும் ஏறுகிறது. அதற்கு மேலே 90, 120, 180 என்று படிகள் உண்டு. மேல் படியிலுள்ள அலகுகள்தான் பில்லை ஊத வைக்கின்றன. குறைக்க வேண்டியவையும் அவைதான்.

மலையகத்து வீட்டில் அந்த மேல் படி அலகுகள் பெரும்பாலும் குளியலறையில் கரைகின்றன. உடனடியாகச் சுடுநீர் தரும் ஷவர் ஹீற்றர் ஒன்று 3.5 கிலோவாட் இழுக்கும். ஒருவர் 10 நிமிடம் நின்றால் 0.58 அலகு. நான்கு பேர், 30 நாள் என்றால் 70 அலகு. அதாவது ஹீற்றர் மட்டுமே வீட்டை 60 என்ற கோட்டுக்கு வெளியே தள்ளிவிடும். நுவரெலியாவில் குழாய்த் தண்ணீர் 16 பாகை அளவில் வருகிறது என்று கொண்டால், 30 லீற்றரை 40 பாகைக்குச் சூடாக்க 0.84 அலகு வேண்டும். கூரையில் வைக்கும் சூரிய வெந்நீர்த் தொட்டி இந்தச் சூட்டை நேராக வெயிலிலிருந்து எடுக்கும். ஹீற்றரை ஓட்டுவதற்காக சோலார் பெனல் வாங்குவது சுற்றுவழி. கூரையில் இடமும் கையில் காசும் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான்கு பேருக்கு மேல் உள்ள வீட்டில் வெந்நீர்த் தொட்டியை முதலில் வைப்பதே சரி. 150 முதல் 200 லீற்றர் போதும். மழைக்காலத்தில் உதவ அதற்குள் இருக்கும் மின் சுருளுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். தானாக எரியும்படி விட்டால் சேமித்ததெல்லாம் அதில் போய்விடும். விறகு கிடைக்கும் வீட்டில் இரண்டு பானை வைக்கும் களிமண் அனகி அடுப்பில் முன்வாயில் சமையலும் பின்வாயில் குளிக்கத் தண்ணீரும் ஒன்றாக நடக்கும்.

குண்டு பல்ப் இன்னும் ஐந்து இருந்தால், 60 வாட்டை எடுத்து 9 வாட் எல்.ஈ.டி. போடுங்கள். ஐந்து மணி நேரம் எரியும் வீட்டில் மாதம் 38 அலகு மிச்சமாகும். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே உள்ள எண்ணை 1 அல்லது 2 இல் வையுங்கள், மலைக் குளிருக்கு அது போதும். கடையில் வைத்தபடி 4 இலோ 5 இலோ ஓட விடுபவர்கள் அதிகம். புதிதாக வாங்குவதானால் நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் நட்சத்திர அட்டையைப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகு மாதம் 60 அலகுக்குள் நின்றுவிட்டால் சோலாரை மறந்துவிடலாம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயக் காம்பராக்களில் பெரும்பாலான குடும்பங்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. அவர்கள் வாங்கும் அலகு ஏற்கெனவே மலிவு. அதைக் கடன் வாங்கிய பெனலால் ஈடு செய்தால் நட்டம். அந்தக் காசை ஓட்டைத் தகரத்துக்கும் பழைய வயரிங்குக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் போடுவது வீட்டையும் பிள்ளைகளையும் காக்கும்.

உங்கள் கூரை எத்தனை அலகு தரும்

விற்பனையாளர் சொல்வது 1 கிலோவாட் பெனலுக்கு மாதம் 120 அலகு. வறண்ட வலயத்தில் அது கிடைக்கும். மலையில் நாலாபுறமும் திறந்த நல்ல கூரைக்கு 90 முதல் 105 வரை வைக்கலாம். எதிரே மலைமுகடும் பக்கத்தில் சவுக்கு மரமும் இருந்தால் 80 என்று வைத்துக் கணக்கிடுங்கள். வந்தால் கூடுதலாக வரட்டும்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2 கிலோவாட் தொகுதி 5 இலட்சம் ரூபா, அலகுக்கு 27 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 120 அலகுக் கணக்கில் வருடம் 77,760 ரூபா வருகிறது, போட்ட காசு ஆறரை வருடத்தில் திரும்புகிறது. 80 அலகுக் கணக்கில் 51,840 ரூபாதான், ஒன்பதரை வருடத்துக்கு மேல் போகிறது. வங்கிக் கடன் ஐந்து அல்லது ஏழு வருடம் என்றால் 80 அலகு வரும் வீட்டில் தவணையைப் பெனல் கட்டாது, வீட்டுக்காரர்தான் கட்ட வேண்டும்.

எந்தச் சரிவில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனை, வட்டவளை பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மூடும். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் திறந்திருக்கும். பதுளை, பசறை, பண்டாரவளை பக்கம் இது தலைகீழ். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏற்றும் ஜூலை, ஓகஸ்ட் வறள்காற்றுக் காலம் பெனலுக்கும் அறுவடைக் காலம். நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே மந்தம். எந்தத் திட்டத்தில் சேருவது என்பதை இந்தப் பருவ வித்தியாசம்தான் தீர்மானிக்கப் போகிறது, நினைவில் வையுங்கள்.

மலைமறைப்பை அளக்கக் கருவி வேண்டாம். கூரை உயரத்தில் நின்று கையை நேரே நீட்டி முஷ்டியைப் பிடியுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. அடிவானத்திலிருந்து முகடு வரை எத்தனை முஷ்டி என்று எண்ணுங்கள். நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுவதால் 15 பாகைக்கு ஒரு மணி நேரம். கிழக்கே மூன்று முஷ்டி முகடு இருந்தால் காலையில் இரண்டு மணி நேரம் போகும். அதற்காகப் பயப்பட வேண்டாம், அந்த இளவெயிலில் உற்பத்தி குறைவுதான். பயப்பட வேண்டியது 9 மணிக்கும் 3 மணிக்கும் இடையே விழும் நிழலுக்கு. ஒரு மரக்கிளையின் நிழல் ஒரு பெனலில் விழுந்தாலும் அதே வரிசையில் கோத்திருக்கும் மற்றப் பெனல்களும் இளைத்துவிடும். மரம் தோட்டத்துக்குரியது என்றால் நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மலையில் பல இடங்களில் காலை தெளிவாக இருக்கும், இரண்டு மணிக்கு மேல் முகில் இறங்கிவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். உங்கள் ஊர் அப்படியென்றால் கிழக்குப் பார்த்த சரிவுக்கு முதலிடம் கொடுங்கள். நாம் 7 பாகை அகலாங்கில் இருப்பதால் தெற்குப் பார்க்கவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. சரிவு 10 பாகைக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் மழைநீர் ஓடாமல் கீழ் விளிம்பில் தேங்கிப் பாசி பிடிக்கும்.

எல்லாவற்றிலும் நம்பகமான அளவு, பக்கத்து வீட்டின் அல்லது பக்கத்து நகரக் கடையின் இன்வேர்ட்டர் (பெனலின் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) செயலியில் இருக்கும் 12 மாதப் பதிவு. மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். அதைத் தொகுதியின் கிலோவாட்டால் வகுத்தால் உங்கள் எண் கிடைத்துவிடும். அது கிடைக்காவிட்டால் குளோபல் சோலார் அட்லஸ் இணையப் படத்தில் ஊரைத் தொட்டுப் பார்க்கலாம். அதற்கு உங்கள் வீட்டுப் பின்னால் நிற்கும் மரம் தெரியாது.

எந்தத் திட்டத்தில் சேருவது

சேரக்கூடிய திட்டங்களில் முதலாவதான நெட் மீற்றரிங் 2010 இல் வந்தது. 2016 இல் சூரிய பல சங்கிராமய என்ற திட்டத்தோடு நெட் அக்கவுன்டிங்கும் நெட் பிளஸும் சேர்ந்தன.

நெட் மீற்றரிங்கில் காசு கைக்கு வராது. அனுப்பிய அலகு உங்கள் பேரில் வரவாக நிற்கும், தேவையான மாதத்தில் கழியும். நெட் அக்கவுன்டிங்கில் அந்தந்தக் கட்டண மாதத்திலேயே கணக்குத் தீரும். வாங்கியது கூடினால் நீங்கள் கட்டுவீர்கள், அனுப்பியது கூடினால் மிச்ச அலகுக்கு ஒப்பந்த விலையில் காசு வங்கிக்கு வரும். நெட் பிளஸில் உற்பத்தி அத்தனையும் தனி மீற்றர் வழியாக விற்கப்படும், வீட்டுப் பாவனைக்கு வழமையான பில் தனியாக வரும்.

விலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2016 இல் முதல் 7 வருடத்துக்கு 22 ரூபா, பின்னர் 13 வருடத்துக்கு 15.50 ரூபா என்று எழுதினார்கள். 2017 இல் கையெழுத்திட்டவர்கள் 2024 இல் 15.50 க்கு இறங்கிவிட்டார்கள். 2022 நெருக்கடியின்போது சிறிய தொகுதிகளுக்கு 37 ரூபா வந்தது, 2024 இல் 27 ஆனது, 2025 இல் தொகுதியின் கொள்ளளவுக்கேற்ப இன்னும் இறங்கியது. ஆகவே அயலவர் வாங்கும் விலையை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள். உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படும் விலை என்ன, எத்தனை வருடத்துக்கு, இடையில் இறங்குமா என்ற மூன்று கேள்விகளையும் மின்சார சபை அலுவலகத்திலேயே கேளுங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல் போதாது.

எங்கள் பார்வை இதுதான். பருவத்துக்குப் பருவம் உற்பத்தி இவ்வளவு ஆடும் மலையகத்தில், தன் தேவைக்கு அளவாகப் பூட்டும் வீட்டுக்கு நெட் மீற்றரிங் பொருந்துகிறது. அட்டன் வீட்டில் பெப்ரவரியில் மிஞ்சும் 60 அலகு ஜூலையில் மேல் படி விலையில் வாங்க வேண்டிய 60 அலகை அடைக்கும். அதே 60 அலகை நெட் அக்கவுன்டிங்கில் பெப்ரவரியில் விற்றுவிட்டால் ஒப்பந்த விலைதான் கிடைக்கும், ஜூலையில் கூடிய விலைக்குத் திரும்ப வாங்குவீர்கள். மேல் படி விலை ஒப்பந்த விலையை விட அதிகமாக இருக்கும் வரை இந்தக் கணக்கு மாறாது. பெரிய கூரை, சிறிய பாவனை என்றால் நெட் அக்கவுன்டிங். பகலில் பூட்டியிருக்கும் மண்டபம், களஞ்சியம் போன்றவற்றுக்கு நெட் பிளஸைப் பார்க்கலாம்.

பில்லை முற்றாகப் பூச்சியமாக்கும் அளவுக்குப் பூட்ட வேண்டும் என்றும் இல்லை. 150 அலகு பாவிக்கும் வீடு 100 அலகை ஈடு செய்தாலே 60 என்ற கோட்டுக்குள் வந்துவிடும். மிச்ச அலகுக்காகப் பெரிய தொகுதி பூட்டினால் அந்தக் கூடுதல் செலவு மெதுவாகத்தான் திரும்பும்.

விண்ணப்பம்: எதற்குப் பின் எது

முற்பணம் கொடுப்பது கடைசியில். இந்த ஒழுங்கை மாற்றுவதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் மின்சாரக் கணக்கு யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். காலமான தாத்தா பேரிலோ வீட்டை விற்றுப் போனவர் பேரிலோ இருந்தால் பெயர் மாற்றத்தை முடிக்காமல் எதுவும் நகராது. மரணச் சான்றிதழ், வீட்டு உறுதி அல்லது குடியிருப்பை உறுதிப்படுத்தும் கிராம உத்தியோகத்தர் கடிதம், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தோட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தவர்கள் பசுமை பூமி உறுதியின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். லயக் கூரை தோட்டத்துக்குரியது. ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருப்பதால், தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் ஒரு காம்பராவின் மேல் மட்டும் பூட்ட இறங்கக் கூடாது. மண்சரிவு அபாயம் உள்ளதாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளமிட்ட இடத்தில் வீடு இருந்தால், இருபது வருட ஒப்பந்தத்தை அந்தக் கூரையில் ஏற்றாதீர்கள்.

அடுத்து, வாடிக்கையாளர் சேவை நிலையத்தில் அல்லது பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்தில் உங்கள் டிரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு டிரான்ஸ்போமர் தாங்கக் கூடிய சோலாருக்கு வரம்பு உண்டு. நகர வீதியில் நாலைந்து கடைகள் முந்திக்கொண்டால் பின்னால் வருபவருக்கு அனுமதி தாமதமாகும் அல்லது அளவு குறைக்கப்படும். கூடவே உங்கள் இணைப்பின் கொள்ளளவையும் கேளுங்கள். ஒற்றைக் கட்ட 30 அம்பியர் இணைப்பென்றால் 230 வோல்ட்டில் 6,900 வாட் வரும், இன்வேர்ட்டர் அதைத் தாண்ட முடியாது. சாதாரண வீட்டுக்கு அது தாராளம்.

பிறகு நிறுவனத்தைத் தெரிவு செய்யுங்கள். நிலைபெறுதகு வலு அதிகாரசபை 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சோலார் பூட்டும் நிறுவனங்களைப் பதிவு செய்து பட்டியல் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம் பேசவே வேண்டாம். மூன்று நிறுவனங்களிடம் எழுத்து மூலம் விலை கேளுங்கள். விலைமனுவில் பெனலின் வகை, எண்ணிக்கை, இன்வேர்ட்டரின் மாதிரி எண், வயர் தடிப்பு, மின்னல் காப்பு, எர்த், போக்குவரத்து, மின்சார சபைக் கட்டணம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். பெனலுக்கு ஐ.ஈ.சி. என்ற சர்வதேச மின் தரத்தின் 61215, 61730 சான்றும், இன்வேர்ட்டருக்கு 62109, 61727, 62116 சான்றும் கேளுங்கள். 62116 கட்டாயம், காரணம் கீழே வருகிறது. மலைநாட்டுக்குள் அல்லது கண்டியில் பழுதுபார்க்கும் ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள். இன்வேர்ட்டர் பழுதானால் கொழும்புக்கு அனுப்பி எடுப்பதற்குள் ஒரு வெயில் பருவமே முடிந்துவிடும்.

விண்ணப்பத்தை நிறுவனமே நிரப்பிக் கொடுக்கும். நீங்கள் கணக்கு இலக்கம், திட்டத்தின் பெயர், கிலோவாட் அளவு ஆகிய மூன்றையும் வாசித்துப் பார்த்த பின் கையெழுத்திடுங்கள். அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பின் முற்பணம், பின்னர் பூட்டும் வேலை, பரிசோதனை, ஒப்பந்தம், வாங்கும் அலகையும் அனுப்பும் அலகையும் தனித்தனியே எண்ணும் இருவழி மீற்றர். மீற்றர் வரும் முன் சுவிட்சைப் போட்டு ஓடவிடக் கூடாது. பழைய மீற்றர்களில் சில, வெளியே போகும் அலகையும் வாங்கிய அலகாக எண்ணும்.

கோயில் பரிபாலன சபையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரியுங்கள். இந்திய அரசின் நன்கொடையில் 25 மாவட்டங்களிலும் 5,000 வணக்கஸ்தலங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 5 கிலோவாட் வீதம், கூரை சோலார் கொடுக்கும் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. உங்கள் கோயில் பட்டியலில் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

கூரையில் வேலை நடக்கும்போது

550 வாட் பெனல் ஒன்று ஏறக்குறைய 2.3 மீற்றர் நீளம், 1.1 மீற்றர் அகலம், 28 கிலோ பாரம். நான்கு பெனலுக்கு 110 சதுர அடி வேண்டும். தகரக் கூரையில் பிடிப்புத் தகரத்தில் நிற்கக் கூடாது, அதன் கீழுள்ள மரச்சட்டத்தில் இறங்க வேண்டும். சட்டம் உளுத்திருக்கிறதா என்று கூர்மையான ஆணியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். துளை நெளியின் மேட்டில் வர வேண்டும். பள்ளத்தில் போட்டால் அடுத்த மழைக்கே ஒழுகும். ரப்பர் வொஷரும் துருப்பிடியா எஃகு ஆணியும் கட்டாயம். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் யாரும் நேரே மிதிக்கக் கூடாது, பலகை போட்டு ஏற வேண்டும். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே துளையிட வேண்டும், அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. முகட்டு வீடுகளில் காற்று பெனலைக் கீழிருந்து தூக்கும். கூரை விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே தள்ளி, பெனலுக்கு நான்கு கவ்விகளுக்குக் குறையாமல் போடுங்கள்.

குளிர் பெனலுக்கு நல்லது. 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி 0.35 முதல் 0.4 வீதம் குறைவதால், மலைவெயில் கீழ்நாட்டு வெயிலை விட நன்றாக வேலை செய்யும். ஆனால் அதே குளிரில் வோல்ட் ஏறும். நுவரெலியாவில் உறைபனி விழும் ஜனவரி, பெப்ரவரி விடியலில் வெப்பம் 5 பாகைக்கும் கீழே போகிறது. அப்போது ஒன்றாகக் கோத்த ஒரு பெனல் வரிசையின் திறந்த வோல்ட் (கரண்ட் எடுக்காத நிலையில் நிற்கும் வோல்ட்) 5 முதல் 6 வீதம் கூடும். 50 வோல்ட் பெனல் 11 கோத்தால் 550, குளிரில் 580. இன்வேர்ட்டரின் உச்சம் 550 என்றால் அது எரிந்துவிடும். உத்தரவாதமும் செல்லாது, ஏனென்றால் தவறு கோத்தவருடையது. கீழ்நாட்டு வரைபடத்தை அப்படியே கொண்டு வந்து பூட்டினால் நடப்பது இதுதான். 5 பாகைக்குக் கணக்குப் போட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

முகில் அதிகமான ஊரில் பெனலை இன்வேர்ட்டரை விடச் சற்றுக் கூட்டிப் போடலாம். 2 கிலோவாட் இன்வேர்ட்டருக்கு 2.4 முதல் 2.6 கிலோவாட் பெனல் நன்றாகப் பொருந்தும். உச்சி வெயிலில் கொஞ்சம் வீணாகும், மந்தமான நாளில் அதை விடக் கூடுதலாகக் கிடைக்கும். பெனல்கள் கூரையின் இரண்டு சரிவுகளிலும் பிரிந்திருந்தால் இரு வரிசைகளையும் தனித்தனியாகக் கையாளும் இன்வேர்ட்டர் வேண்டும்.

இடிமழைப் பிரதேசம் ஆதலால் பெனல் பக்கமும் வீட்டுப் பக்கமும் மின்னல் காப்பு வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் அந்தக் காப்பு வெறும் அலங்காரம். கல்லும் சரளையுமான சரிவில் ஒரு கம்பி போதாது. ஈரம் நிற்கும் இடத்தில் இரண்டு மூன்று கம்பிகளை இடைவெளி விட்டு இறக்கி ஒன்றாக இணைத்து, அளவி வைத்து எர்த்தின் மின்தடை 10 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். குரங்கு நடமாடும் இடத்தில் வயர் ஓரங்குலம்கூட வெளியே தெரியக் கூடாது. இன்வேர்ட்டரை அடுப்புப் புகை படும் சுவரில் பூட்ட வேண்டாம்.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

பற்றரி இல்லாத தொகுதி, லைனில் கரண்ட் நின்ற நொடியில் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உங்கள் பெனலின் கரண்டில் அடிபட்டுச் சாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. 62116 சான்று உறுதி செய்வது இதைத்தான். காற்றுக்கு மரம் விழுந்து இரண்டு நாள் இருட்டாகக் கிடக்கும் ஊரில், சோலார் இருந்தால் வீட்டில் வெளிச்சம் இருக்கும் என்று நம்பி வாங்கியவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அதற்குப் பற்றரியும், பற்றரியோடு சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் வேண்டும், விலையும் அதற்கேற்ப ஏறும். பற்றரியிலிருந்து மாலை 6.30 முதல் 10.30 வரை அனுப்பும் அலகுக்குப் பகல் விலையை விட உயர்ந்த விலை 2025 இல் அறிவிக்கப்பட்டது. பற்றரி வாங்க நினைப்பவர்கள் அந்த விலையையும் சேர்த்துக் கணக்கிடலாம்.

இன்னொரு கோளாறு, நல்ல வெயிலில் இன்வேர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடுவது. விநியோகத்தின் அளவு 230 வோல்ட், கூடக் குறைய 6 வீதம், அதாவது 216 முதல் 244 வரை. நீண்ட லைனின் கடைசியில் உள்ள வீட்டில் பகலில் பாவனை குறைந்து சோலார் கூடும்போது வோல்ட் ஏறி இன்வேர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். பூட்டும் முன்னரே ஞாயிறு நண்பகலில் வோல்ட் அளந்து எழுதி வையுங்கள். அப்போதே 240 காட்டினால் அதை விண்ணப்பத்தோடு மின்சார சபைக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பாவனை குறைந்த பண்டிகை நாட்களில் நாடு முழுவதற்கும் இதே சிக்கல் வரும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பிற்பகல் 3 மணி வரை கூரை சோலாரை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொண்டார்கள்.

வெயில் இல்லை, ஓடை இருக்கிறது என்றால்

20 லீற்றர் வாளி எத்தனை நொடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். நொடிக்கு வரும் லீற்றரை நீர் விழும் உயர மீற்றரால் பெருக்கி, அதை 5 ஆல் பெருக்கினால் கிடைப்பது வாட். 4 நொடியில் வாளி நிரம்பி 20 மீற்றர் இறக்கமும் இருந்தால் 500 வாட். இரவு பகலாக ஓடுவதால் மாதம் 360 அலகு, 2 கிலோவாட் சோலாரைப் போல் இரண்டு மடங்கு. வாளியை மார்ச் மாத வறட்சியில் பிடியுங்கள், மழையில் பிடித்தால் பொய்க்கணக்கு. உலக வங்கி உதவியோடு 1997 முதல் 2011 வரை நடந்த திட்டங்களில் கிராமங்கள் மின் நுகர்வோர் சங்கம் அமைத்து இப்படித்தான் சிறு நீர்மின் நிலையங்களைக் கட்டின. ஓடை அரசின் வளம், கரை பெரும்பாலும் தோட்டத்தின் காணி. ஆகவே பிரதேச செயலகம், தோட்ட நிர்வாகம் இரண்டின் அனுமதியும் வேண்டும். லைனுக்கு விற்பதானால் நிலைபெறுதகு வலு அதிகாரசபையின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். தனி வீட்டுக்குச் சரிவராது, பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்தால் சரிவரும்.

மீற்றர் மாட்டிய பிறகு

புது மீற்றரின் திரையில் எண்கள் மாறி மாறி வரும். பொதுவாக 1.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் வாங்கியது, 2.8.0 என்ற குறியோடு வருவது நீங்கள் அனுப்பியது. மாதம் ஒரே திகதியில் இரண்டையும் இன்வேர்ட்டர் காட்டும் மொத்தத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இன்வேர்ட்டரில் 180, மீற்றரில் அனுப்பியது 120 என்று இருந்தால் களவு போகவில்லை, மிச்ச 60 ஐப் பகலில் வீடே பாவித்துவிட்டது. நெட் பிளஸில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். பில்லில் உள்ள எண் கொப்பியோடு பொருந்தாவிட்டால் மீற்றர் திரையைத் திகதியோடு படமெடுத்து அந்த மாதத்திலேயே முறையிடுங்கள்.

போன வருடத்தின் அதே மாதத்தை விட 15 வீதத்துக்கு மேல் குறைந்து, மழையும் வழமை போல்தான் இருந்தது என்றால், முதலில் பெனலின் கீழ் விளிம்பைப் பாருங்கள். பாசி ஒரு விரல் அகலம் ஏறியிருக்கும். விடியற்காலையில், பெனல் குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய தூரிகையும் வெறும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். சவர்க்காரத் தூள் கண்ணாடியில் படலமாக ஒட்டும், அதைப் போட வேண்டாம். பாசி இல்லையென்றால் வளர்ந்துவிட்ட கிளையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இன்வேர்ட்டரின் பிழைக் குறியை எழுதிக்கொண்டு பூட்டியவரைக் கூப்பிடுங்கள்.